இரும்பு மணிக்குப் பதிலாக ஒரு தொண்டை

என் தொண்டையை நானேதான் கிழித்துக்கொண்டேன். ஜப்பான்காரன் அடித்துக் கிழித்தான் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்ததால் நானும் ரொம்ப நாள் மறுக்கவில்லை. நடந்தது அதுவல்ல. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வரிசைக் குடியிருப்பான லயத்துக் குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பதினைந்து பேர் முன்னால், யாரும் கேட்காமலே, நான் மாஸ்டர் மாதிரி கத்திக் காட்டினேன்.

மாஸ்டர் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களாவில் அவர்தான். ஆள் என் தோள் உயரம் இருப்பார், குரல் மட்டும் லோரி அளவு. "கியோட்ஸ்கே!" என்று அவர் ஒரு தடவை கத்தினால் மலைச்சரிவில் இருக்கிறவனும் குதிகாலை ஒட்டி நிற்பான். அந்தக் கத்தலை நான் தலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு செய்தேன்.

பக்கத்து வீட்டுச் சுப்பிரமணியம் சிரித்துச் சிரித்துச் சாக்கடையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு வாட்டி, அண்ணே! இன்னும் பெருசா லா!"

இன்னொரு வாட்டி செய்தேன். மூன்றாவது வாட்டி, மாஸ்டரையே தோற்கடித்துவிடுவது என்று முடிவு செய்து, அடிவயிற்றில் ஒன்றும் இல்லாமல் கழுத்து நரம்பை மட்டும் முறுக்கிக் கத்தினேன். உள்ளே எங்கேயோ சாக்குத் தையல் பிரிவதுபோல் ஒன்று பிரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் வைத்தேன். வாயில் லேசாக இரும்பு ருசி.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, இரண்டு நாள் தொண்டை கட்டினால் கட்டட்டும் என்று கேட்பீர்கள். மற்றவனுக்கு அப்படித்தான். எனக்கு அந்தத் தொண்டைதான் உயிர்.

முன்பு எங்கள் தோட்டத்தில், பெரட்டுக்களத்து மரத்தில், இரண்டு முழத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். விடிவதற்கு முன் காவல்காரன் அதை அடித்தால் பள்ளத்தின் இரண்டு பக்கத்து லயங்களும் எழுந்து வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்கும். அதுதான் பெரட்டு. நாற்பத்து மூன்றின் தொடக்கத்தில் ஒருநாள் அந்தத் துண்டை இறக்கிக்கொண்டு போனார்கள். இரும்பு எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டிருந்த காலம். சயாமில் ரயில் போடுகிறார்கள், அதற்குத்தான் என்று பேச்சு.

இறக்கிய அன்று மாஸ்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "போகட்டும் விடுங்க, நாளையிலேருந்து நானே கத்தறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிப்பு என்று மாஸ்டர் கேட்டார். மொழிபெயர்ப்பவன் சொன்னான். மாஸ்டர் சிரிக்கவில்லை. "நல்லது, செய்" என்றார். உலகத்தில் நகைச்சுவையால் வேலை கிடைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அதிலிருந்து நான்தான் மணி. அப்போது எங்களுக்கெல்லாம் தோக்கியோ நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆறரை மணிப் பெரட்டு என்றால் உண்மையில் ஐந்து மணி, கும்மிருட்டு. கடிகாரம் இருந்தது ஆபீசுக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் மட்டும். சேவலுக்கு ஜப்பான் உத்தரவு போய்ச் சேரவில்லை. ஆகவே கிராணி விளக்கை ஆட்டிக் காட்டுவார், நான் மேட்டுப் பாறையில் ஏறி நின்று கூப்பிடுவேன். பகலில் கொழுந்து நிறுக்க ஒரு கூப்பாடு, சாயங்காலம் ஒன்று. மிச்ச நேரம் செடி கழிக்கும் கவ்வாத்து வேலை.

இந்த மணி வேலையில் ஒரு லாபம் இருந்தது. சயாமுக்கு ஆள் எடுக்கும் பட்டியலில், தோட்டத்துக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும் ஆட்கள் பேர் வராது. அந்தத் தேவைப்படும் ஆட்களில் நானும் ஒருவன்.

சயாம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி வேலாயியின் தம்பி சின்னையா சித்திரையில் போனான். மூன்று மாதம் என்றார்கள். லோரியில் ஏறும்போது நான் அவனிடம், "மாப்ளே, அங்க யானை நிறைய இருக்காம், வர்றப்ப ஒண்ணு ஓட்டிட்டு வா, வீட்டுக்குப் பின்னால கட்டிக்கலாம்" என்றேன். லோரியே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆவணி வந்துவிட்டது. ஒரு சொல் வரவில்லை. தப்பித்து வந்த ஒருவன் அடிவாரத்துத் தாப்பாவில் சொன்னதாக, காய்ச்சலிலும் அடியிலும் ஆட்கள் சாகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னார்கள். வேலாயி அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அந்த யானையை நான் எத்தனை தடவை திரும்ப விழுங்கப் பார்த்தேன் என்று எண்ண முடியாது.

புதன்கிழமை விடியல். பாறையில் ஏறினேன். கீழே கிராணியின் விளக்கு ஆடியது. வாயைத் திறந்து, "பெரட்டூ" என்றேன்.

வந்தது ஒரு கதவுக் கீல்.

திரும்பக் கத்தினேன். கீலும் போய் வெறும் காற்று வந்தது. பக்கத்து லயத்தில் இரண்டு அடுப்பு எரிந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை. ஓடினேன். ஓடிப் போய்க் கதவுகளைத் தட்டினேன். எல்லாக் கதவையும் தட்ட ஒரு மனுஷனுக்கு எத்தனை கை?

இருபத்து மூன்று பேர் பிந்தி வந்தார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயில் ஏறும்வரை அவர்கள் களத்தில் நின்றார்கள். அதில் ஏழு பேர் முந்தின நாள் குழாயடியில் எனக்குக் கைதட்டியவர்கள். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிராணி பழனியப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த பதினோரு வருஷத்தில் இவர் யாருக்கும் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. வெள்ளைக்காரத் துரையிடமும் அப்படித்தான், ஜப்பான்காரனிடமும் அப்படித்தான். அதனால்தான் இரண்டு ராஜாங்கத்திலும் அவர் கிராணி.

"என்ன இருளப்பா, தொண்டையில தவளை குடும்பம் நடத்துதா?"

நான் ஏதோ கரகரத்தேன்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை மாஸ்டர் பெரட்டுக்கு வர்றாரு. சயாமுக்கு எட்டு ஆள் வேணுமாம். அன்னைக்கு அவரே பாறைகிட்ட நின்னு மணியைக் கேக்கப் போறாராம். இன்னைக்கு ஆளுங்க பிந்துனது அவரு காதுக்குப் போயிருச்சு."

"ஐயா," என்றேன் காற்றில், "பட்டியல்ல... என் பேரு..."

கிராணி மலையைப் பார்த்தார். "பனி இன்னைக்கு ரொம்ப அடர்த்தி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் இருந்தது.

வேலாயி அன்று வேலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"எத்தனை நாள்ல சரியாவும்?"

நான் கையை விரித்தேன்.

"தெரியாதா? கத்துறப்ப தெரிஞ்சுதோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டி வாயைப் பொத்தினாள். கொழுந்துக் கறை படிந்த விரல், பச்சை வாசனை.

"நாளைக்கு நான் கூப்பிடறேன்," என்றாள். "இருட்டுல எவன் பாக்கப் போறான். நீங்க பக்கத்துல வாயத் தொறந்துக்கிட்டு நில்லுங்க போதும்."

அப்படியே நடந்தது. வியாழக்கிழமை விடியலில் இருவரும் பாறையில் ஏறினோம். கிராணியின் விளக்கு ஆடியது. வேலாயி முக்காட்டை இறுக்கிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, "பெரட்டூ... வாங்கோ..." என்று விட்டாள். சரிவில் பத்து வரிசை தாண்டி நிற்கிற பெண்களோடு பதினைந்து வருஷம் பேசிப் பழகிய குரல். பள்ளத்தில் விழுந்து, அந்தப் பக்க மலையில் ஏறி, திரும்பி வந்தது. அடுப்புகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பிந்தியவர் யாரும் இல்லை.

களத்தில் ஒரு கிழவர் என் தோளைத் தட்டினார். "தொண்டை சரியாயிருச்சு போல. முன்னைக்கு இப்ப நல்லாவே இருக்கு."

மனதுக்குள் கொஞ்சம் எரிந்தது. அந்த நிலையிலும் எனக்குப் பொறாமை வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இது எத்தனை நாளைக்கு? சனிக்கிழமை மாஸ்டர் பாறைக்குப் பக்கத்தில் நிற்பார். கூப்பிடுவது வேலாயி என்று தெரிந்தால் தோட்டத்துக்கு வேலாயி தேவைப்படுவாள், நான் தேவைப்பட மாட்டேன். கணக்கு அவ்வளவு எளிமையானது.

மருந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மிளகு சொன்னார்கள், மிளகு இல்லை. பனங்கற்கண்டு சொன்னார்கள், அதைப் பார்த்தே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒருத்தி பச்சை மிளகாயைக் கடித்தால் குரல் பயந்து ஓடி வரும் என்றாள். கடித்தேன். கண்ணீர்தான் ஓடி வந்தது. சுப்பிரமணியம் இரண்டு நாள் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் ஒரு மூங்கில் குழாயோடு வந்து நின்றான். உடம்பில் சாக்கு.

"தேன், அண்ணே. காட்டு ஆளுங்ககிட்ட வாங்கினேன்."

சட்டை எங்கே என்று சைகையில் கேட்டேன்.

"சட்டைக்குத்தான் குடுத்தாங்க. விடுங்க, சாக்கு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அரிக்குது. நான்தானே இன்னொரு வாட்டி இன்னொரு வாட்டின்னு கேட்டேன்."

அந்தக் காலத்தில் துணி கண்ணால் காணக் கிடைக்காது. கிழிந்தால் கிழிந்தது. அவனிடம் இருந்ததே அந்த ஒரு சட்டை. தாய் தகப்பன் இல்லாத ஒண்டி ஆள், அதைத் துவைத்து மடித்துப் பலகை மேல் வைத்திருப்பான். தேனை நக்கினேன். இனித்தது. தொண்டை அப்படியேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கிராணி ஒரு கடிதத்தைக் கொடுத்து, மலைக்குக் கீழே ரிங்லெட் கடைத்தெருவுக்கு அனுப்பினார். "அப்படியே ஜலால் பாய் கடையில ஒரு எட்டுப் பாத்துட்டு வா," என்றார். ஏன் என்று கேட்டேன். "இறக்கத்துல வழுக்கும், பாத்துப் போ," என்றார்.

ஜலாலுக்கும் எனக்கும் ஒரே வயது. ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை. அரிசி போன பிறகு மரவள்ளிப் புட்டும், சோளத்தைக் கருக்கிக் காய்ச்சிய காப்பி என்ற ஒன்றும். கடைக்குப் பின்னால் தொழுகைக்கு ஒரு சின்ன இடம். தினம் ஐந்து வேளை அங்கே பாங்கு சொல்வது அவன்தான். காற்றுத் திசை சரியாக இருந்தால் பாதி தூரம் இறங்கும்போதே கேட்கும்.

என்னைப் பார்த்ததும், "வாப்பா மணி! இன்னைக்கு என்ன நேரம்?" என்றான்.

நான் கிசுகிசுத்து நடந்ததைச் சொன்னேன். மூன்று நாளாக வீட்டிலும் வேலையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று. பாதி சொல்லும்போதே அவன் கரண்டியை மேசையில் போட்டான்.

"நிப்பாட்டு! யாருப்பா இப்படிப் பேசச் சொன்னா?"

"ஓய்வு..." என்றேன்.

"ஓய்வா? காலு உடைஞ்சவன் நுனிக்கால்ல ஓடுனா அது ஓய்வா? கிசுகிசுன்னு பேசறது கத்துறதைவிட மோசம். உள்ள ரெண்டையும் இறுக்கிப் புடிச்சுப் புழியறே. மூணு நாளா இதைத்தான் செஞ்சியா? நல்ல ஆளு லா நீ."

பத்தில் மூன்று நாளை நானே புழிந்து ஊற்றிவிட்டேன். பதற்றத்தில் தொண்டையைச் செருமினேன்.

"அதையும் செய்யாத!" என்று கத்தினான். "செருமாத. ரெண்டு பாறையை மோதவிட்ட மாதிரி. அரிச்சா எச்சில முழுங்கு, இல்லன்னா ஒரு மடக்குத் தண்ணி."

உட்கார வைத்தான். வெந்நீர் கொடுத்தான். அவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கண்ணால் கேட்டேன்.

"கடை வச்ச புதுசுல அடுப்படிக்கு நாள் முழுக்கக் கத்துவேன். ரெண்டு புட்டு, மூணு காப்பி, பரோட்டா ஒண்ணுன்னு. அஞ்சு வேளை பாங்கு வேற. ஒருநாள் பாங்குல பாதியில குரல் நின்னு போச்சு. ஊரே தொழுகைக்கு நிக்குது, நான் மீன் மாதிரி வாயத் திறந்து மூடறேன். ஒரு மாசம் ஆச்சு திரும்பி வர."

ஒரு மாதம். என்னிடம் இருந்தது எட்டு நாள்.

"அதுலேருந்து அடுப்படிக்கு நான் கத்துறதில்ல. என் வீட்டுக்காரி ஹஃபீசா அங்கேருந்து பாக்குற மாதிரி விரலைக் காட்டுவேன். ரெண்டு விரல் புட்டு. இப்பக் கேளு. இன்னைக்கிலேருந்து ஒரு வார்த்தை கிடையாது. பொண்டாட்டிகிட்டயும் கிடையாது. வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க. பானையில தண்ணி கொதிக்க வச்சு ஆவி புடி. காரம் வேணாம், வெத்தலையோட புகையிலை போடுவேல்ல, அதை விடு. அடுப்புப் புகையில உக்காராத. தேன் குடுத்தவன் நல்லவன், சாப்பிடு, ஆனா அது வயித்துக்குப் போற வழி, குரலு இருக்கிறது வேற வழி. முக்கியமா ஒண்ணு. வந்துருச்சான்னு சோதிச்சுப் பாக்காத. நட்ட விதையைத் தோண்டித் தோண்டிப் பாத்தா முளைக்குமா?"

பிறகு என்னை நிற்க வைத்து, என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்தான்.

"மூச்சு இழு. தோள் ஏறக் கூடாது. வயிறு முன்னால வரணும். ஆங். நீ இத்தனை நாளும் கழுத்தால தள்ளியிருக்கே. தள்ளாத. மூச்சு தானா வெளிய போகும், குரல் அது மேல ஏறி உக்காந்து போகட்டும். தாடையைத் தொங்க விடு. நீ கத்த வேணாம், பள்ளம் கத்தும். இதைச் சத்தமில்லாம தினம் பண்ணு."

எட்டு நாளில் வந்துவிடுமா என்று விரலைக் காட்டிக் கேட்டேன்.

ஜலால் கரண்டியை எடுத்தான். கொஞ்ச நேரம் புட்டைக் கிண்டினான். "உனக்காகத் தொழுது துஆ செய்யறேன்," என்றான்.

அவனும் கிராணியாகிவிட்டான்.

நான் பேசாமல் இருந்த எட்டு நாட்களைப் பற்றி லயத்தில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். என்னைப் போன்ற ஒருவனுக்கு அது பட்டினியைவிடக் கொடுமை. சனிக்கிழமை கவ்வாத்து வேலையில் கங்காணி வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் இருபது அடி நடந்தார். அதற்கு என்னிடம் நான்கு வாக்கியம் தயாராக இருந்தது. நான்கையும் எச்சிலோடு விழுங்கினேன். பேசாததால் எனக்கு மரியாதை கூடியதுதான் வேடிக்கை. இரண்டு பேர் குடும்பச் சண்டையை என்னிடம் சொல்லி, நான் தலையை ஆட்டியதும், நல்ல தீர்ப்பு என்று போனார்கள்.

வேலாயி கல்லை அடுக்கி அடுப்பை வாசலுக்கு மாற்றினாள். புகை உள்ளே வரக் கூடாதாம். வேலைக்குப் போகும்போது தகரக் குவளையில் வெந்நீரை ஊற்றித் துணியைச் சுற்றி என் இடுப்பில் கட்டிவிடுவாள். பகல் கூப்பாட்டைக் கொழுந்து எடுக்கும் இடத்திலிருந்தே போட்டுவிடுவாள். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, கூடை நிறைந்ததா என்றுதான் பார்த்தார்கள்.

சாயங்காலம் போர்வைக்குள் பானையோடு நான் ஆவி பிடிக்கும்போது அவள் வெளியே உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் போர்வைக்கு வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"பதினோரு வருஷத்துல இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு."

நான் உள்ளே சிரித்தேன், சத்தமில்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இது புடிக்கல," என்றாள். "ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு. இப்படித்தான் இருக்குமோன்னு..." அதோடு நிறுத்திவிட்டாள். ஆவியில் என் முகம் நனைந்திருந்தது. ஆவி மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன்.

விடியலில் பாறையில் அவள் கூப்பிடும்போது நான் பக்கத்தில் நின்று வயிற்றில் கையை வைத்து மூச்சு இழுப்பேன். தாடையைத் தொங்கவிடுவேன். அவள் விடும் குரலோடு என் மூச்சையும் சத்தமில்லாமல் விடுவேன். ஒரு ஆள் பார்த்திருந்தால், புருஷனுக்கு வயிற்று வலி, பெண்டாட்டி ஊரைக் கூப்பிட்டு அழுகிறாள் என்று நினைத்திருப்பான்.

சோதித்துப் பார்க்கத்தான் கை அரித்தது. ஏழாம் நாள் தனியாகச் சரிவில் நின்றபோது ஒரே ஒரு "ம்" சொல்லிப் பார்க்கலாமே என்று தோன்றியது. உதடுவரை வந்தது. சின்னையாவின் முகம் வந்தது, லோரியில் சிரித்துக்கொண்டு போன முகம். வாயில் ஒரு தேயிலைக் கொழுந்தைப் போட்டு மென்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிராணியைத் தேடிப் போனேன். பேசாமல், அவர் மேசை மேல் விரலால் எழுதும் பாவனை செய்து, என் நெஞ்சைத் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று கையைத் திருப்பிக் காட்டினேன்.

"நாளைக்கு மழை இருக்காதுன்னு நினைக்கிறேன்," என்றார் கிராணி. ஆனால் பட்டியலை அவசரமாக மேசை இழுப்பறைக்குள் தள்ளியதை நான் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியல். மாஸ்டர் பாறைக்குக் கீழே நின்றிருந்தார். கையில் டார்ச்சு, அதைக் கைக்கடிகாரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பவன், கிராணி. வேலாயியைப் பெண்கள் வரிசைக்கு முன்கூட்டியே போகச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாளுக்குப் பிறகு பாறையில் நான் தனியாக நின்றேன்.

இடுப்புக் குவளையிலிருந்து ஒரு மடக்கு வெந்நீர். எச்சில் விழுங்கினேன். செருமவில்லை. செருமத் தோன்றியது, உயிர் போகிற மாதிரி தோன்றியது, செருமவில்லை.

விளக்கு ஆடியது.

கையை வயிற்றில் வைத்தேன். தோள் ஏறவில்லை. தாடையைத் தொங்கவிட்டேன். தள்ளாதே, விடு.

"பெரட்டூ..."

வந்தது.

என் பழைய குரல் இல்லை. அந்த முரட்டுத்தனம் போயிருந்தது. வேலாயியின் குரலுக்கு ஒரு அண்ணன் இருந்தால் அப்படி இருக்கும். மெதுவாகத்தான் கிளம்பியது. பள்ளம் அதை வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கத்து மலை கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. கீழ் லயத்தில் ஒரு அடுப்பு, பிறகு மூன்று, பிறகு ஒரு வரிசை. அந்தப் பக்கம் மேல் லயம் மட்டும் இருட்டாகவே இருந்தது. மாஸ்டரின் டார்ச்சு என் முகத்துக்கு ஏறியது. அந்த வெளிச்சத்தில் பழைய மாதிரி கழுத்தை முறுக்கத்தான் உடம்பு துடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சு இழுத்து இன்னொரு தடவை விட்டேன்.

மேல் லயத்தில் ஒரு வெளிச்சம். இன்னொன்று.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "யோஷி," என்றார், சரி என்று அர்த்தம். திரும்பிக் களத்துக்கு நடந்தார்.

பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழே பெண்கள் வரிசையில் ஒரு முக்காடு என் பக்கம் திரும்பி, முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. அத்தனை தூரத்திலும் அது யார் என்று எனக்குத் தெரிந்தது.

பெரட்டு முடிந்தது. மாஸ்டர் ஆண்கள் வரிசையில் மெதுவாக நடந்தார். பின்னால் கிராணி, கையில் தாள். சில இடங்களில் நின்றார்கள். எந்த இடங்களில் என்று மேட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை, வரிசையில் நின்றவர்களுக்கும் ஒன்றும் சொல்லப்படவில்லை. மாஸ்டர் பங்களாவுக்குப் போனார். ஆட்கள் வேலைக்குப் பிரிந்தார்கள். சாக்கைப் போர்த்திக்கொண்டு போன சுப்பிரமணியம் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"தேன் வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா அண்ணே!"

நான் அவனைப் பார்த்துக் கும்பிட்டேன். கேலிக்கு இல்லை.

பிறகு ஆபீசு படிக்கட்டில் கிராணியைப் பிடித்தேன். அவர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். எட்டு நாள் சேர்த்து வைத்த குரலில் ஊரைக் கூப்பிட்டதற்கு அடுத்து அதைச் செலவழித்தது இதற்குத்தான்.

"ஐயா. என் பேரு இருக்கா, இல்லையா?"

"இன்னைக்கு வெயில்..." என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஐயா. வெயில் வேணாம்."

அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை. தூங்காத கண். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். கிராணி பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இல்ல," என்றார். "உன் பேரு இல்ல. நேத்து வரைக்கும் எட்டாவதா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில அடிச்சுட்டேன். பாறையில இத்தனை நாளும் கூப்பிட்டது வேலாயின்னு எனக்கு முதல் நாளே தெரியும், அதை விடு. எட்டு ஆள் கேட்டா எட்டு ஆள் குடுக்கணும் இருளப்பா, ஒண்ணை அடிச்சா இன்னொண்ணு எழுதணும். பொண்டாட்டி புள்ள இல்லாத ஆளாப் பாத்து எழுதினேன். சுப்பிரமணியம். நாளைக்குக் காலையில லோரி வரும். ஆளுங்க விசயம் தெரிஞ்சு காட்டுக்குள்ள போயிரக் கூடாதுன்னு இன்னும் யாருக்கும் சொல்லல. விளக்கு ஆட்டுனதும், எட்டு பேரையும் பேரு சொல்லி நீதான் கூப்பிடணும்."